நகையை அடகு வைக்கும் முன் ஒரு கணக்கு

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் எங்கள் களப்பணிக் குழு சார்பில் ஆற்றிய உரை)



பத்தாவது ரிசல்ட் வந்ததும் படிப்புக் கடன் கேட்டுக் குழுக்களில் மனு வருவது வழக்கம். "கரண்டு வேலை படிக்க வச்சா பிள்ளை பிழைச்சுக்கும்" என்று பலரும் சொல்கிறீர்கள். நல்ல எண்ணம்தான். மோட்டார் ஓடாத தோட்டம் உண்டா, ஒயரிங் இல்லாத வீடு உண்டா? ஆனால் ஒருவர் கறவை மாட்டுக்குக் கடன் கேட்டால் எத்தனை லிட்டர் கறக்கும், தீவனத்துக்கு எவ்வளவு ஆகும் என்று துருவித் துருவிக் கேட்கிறோம். படிப்புக்குக் கேட்டால் மட்டும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. இன்றைக்கு அந்தக் கணக்கை நாம் சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.

பத்தாவது பாஸ் ஆனவர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படிப்பு, 2 வருடம். இன்னொன்று, பாலிடெக்னிக்கில் டிரிபிள்-இ டிப்ளமோ, 3 வருடம். ஐ.டி.ஐ. போனால் படிப்பு அத்தோடு நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். அதை முடித்தவர்கள் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

செலவு எவ்வளவு?

தனியார் பாலிடெக்னிக் ஒன்றில் ஃபீஸ், பஸ், புத்தகம், பரீட்சைக் கட்டணம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 45,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடத்துக்கு 1,35,000. நாம் சொல்லும் செலவு இதோடு முடிந்துவிடுகிறது. வட்டியை யார் சேர்ப்பது?

ஒவ்வொரு வருட ஆரம்பத்திலும் 45,000 ரூபாயை நூற்றுக்கு 2 ரூபாய் வட்டிக்கு வெளியில் வாங்கினால் மாதம் 900 ரூபாய் வட்டி. முதல் வருடக் கடனுக்கு 36 மாதம், இரண்டாவதற்கு 24 மாதம், மூன்றாவதற்கு 12 மாதம். மொத்த வட்டி 64,800. படிப்பு முடியும்போது செலவு 1,99,800. ஏறக்குறைய 2 லட்சம்! இதையே குழுவில் 1 ரூபாய் வட்டிக்கு வாங்கினால் 32,400 மிச்சம். அது உங்கள் வீட்டுப் பணம்.

அரசு ஐ.டி.ஐ.யில் படிப்புக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. கைச்செலவு இரண்டு வருடத்துக்கு 20,000 என்று வைப்போம். மூன்றாவது வருடம் அந்தப் பிள்ளை அப்ரண்டிஸ் பயிற்சிக்குப் போகலாம். 2019ஆம் ஆண்டு விதிப்படியே ஐ.டி.ஐ. முடித்தவருக்கு மாதம் குறைந்தது 7,000 ரூபாய் தர வேண்டும். வருடத்துக்கு 84,000. டிப்ளமோ படிக்கும் பிள்ளை அதே வருடம் இன்னும் ஃபீஸ் கட்டிக்கொண்டிருக்கும்.

எப்போது திரும்பி வரும்?

டிப்ளமோ முடித்தவருக்கு ஐ.டி.ஐ. முடித்தவரைவிட மாதம் 3,000 கூடுதலாகக் கிடைக்கிறது என்போம். வருடத்துக்கு 36,000. தனியாரில் வட்டிக்கு வாங்கிப் படித்திருந்தால் கூடுதல் செலவும் விட்ட வருமானமும் சேர்த்து 2,63,800. அதை ஈடுகட்ட ஏழு வருடத்துக்கு மேல் ஆகும். அதே டிப்ளமோவை அரசு பாலிடெக்னிக்கில் வருடம் 15,000 செலவில், கடன் இல்லாமல் படித்தால் 1,09,000. ஏறக்குறைய மூன்று வருடத்தில் ஈடாகிவிடும். படிப்பு ஒன்றுதான். எங்கே சேர்ந்தோம், எந்தப் பணத்தில் சேர்ந்தோம் என்பதில்தான் வித்தியாசம்.

டிப்ளமோ வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சூப்பர்வைசர் வேலைக்கும் மேற்படிப்புக்கும் அது நல்ல வழி. கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு அரசு இடம் கிடைத்தால் தைரியமாகச் சேருங்கள்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

1. ஐ.டி.ஐ. என்றால் முறையான அங்கீகாரம், பாலிடெக்னிக் என்றால் ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி இருக்கிறதா? சுவரில் மாட்டிய போர்டை நம்பாதீர்கள், ஆணையைக் கேளுங்கள்.

2. "நூறு சதவீதம் வேலை" என்றால், போன வருடம் முடித்த நாலு பிள்ளைகளிடம் கையில் வாங்கும் சம்பளம் எவ்வளவு என்று விசாரியுங்கள். நாம் மேலே போட்ட 3,000 ரூபாய்க்குப் பதில் அந்தத் தொகையைப் போட்டுக் கணக்கைத் திரும்பப் பாருங்கள்.

3. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022இல் புதுமைப் பெண் திட்டமும், பையன்களுக்கு 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொடங்கப்பட்டன. மாதம் 1,000 ரூபாய். ஐ.டி.ஐ., டிப்ளமோ படிப்பவர்களையும் சேர்த்தே இவை வந்தன. சேரும்போதே அலுவலகத்தில் கேளுங்கள்.

4. கடன்தான் வழி என்றால் முதலில் வங்கியில் கல்விக் கடன் கேளுங்கள். 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் இல்லாமல் கொடுக்கும் திட்டம் வங்கிகளில் இருக்கிறது. அடுத்தது குழுக் கடன். கந்துவட்டி வேண்டவே வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இவ்வளவு நேரம் பேசியதில் உங்கள் மனதில் வந்தது பையனா, பெண்ணா? பெண்ணுக்கு நகை, பையனுக்குப் படிப்பு என்று பிரித்தே பழகிவிட்டோம். ஒயரிங், பேனல் போர்டு, மோட்டார் காயில் கட்டுவது எல்லாம் பொறுமையும் கைத்திறமையும் வேண்டிய வேலை. அது நம் பெண்களிடம் இல்லையா? அரசு ஐ.டி.ஐ.யில் பெண்களுக்கு மேல் வயது வரம்பே கிடையாது. பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் மருமகளும் சேரலாம், நீங்களும் சேரலாம்.

அடுத்த மாதத்திலிருந்து படிப்புக் கடன் மனுவோடு செலவு, வட்டி, வரவு எழுதிய ஒரு தாளையும் இணைக்க வேண்டும் என்று ஒவ்வொரு குழுவும் தீர்மானம் போடுங்கள். கடனை மறுப்பதற்கு அல்ல, பிள்ளையும் கரையேற வேண்டும், அடகு நகையும் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காக. எழுதத் தெரியாதவர்களுக்கு ஊக்குநர் உதவுவார், நாங்களும் வந்து உட்கார்ந்து எழுதித் தருகிறோம்.