கொள்ளைநோய்க் காலத்தில் அரசாங்கமும் தனியார் துறையும்

(ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



நாட்டில் கொள்ளைநோய் பரவும்போது மக்களைக் காக்கும் பொறுப்பு அரசாங்கத்தினுடையது. ஆனால், அப்பொறுப்பை நிறைவேற்றத் தேவையான யாவும் அரசாங்கத்தின் கையில் இருப்பதில்லை. மருத்துவமனைகளில் ஒரு பகுதி தனியாருடையது. மருந்து ஆலையும் கையுறைத் தொழிற்சாலையும் தனியாருடையவை. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களும் பெரும்பாலும் முதலாளிகளுடையவையே. ஆகவே, அரசாங்கம் அவர்களையும் இப்பணியில் ஈடுபடுத்த வேண்டியிருக்கிறது. அது எவ்வாறு நடைபெறுகிறது என்பதையும், அதில் தொழிலாளியின் நலன் எங்கே அடங்கியிருக்கிறது என்பதையும் இன்று எடுத்துக்கூற விரும்புகிறேன்.

இது நமக்குப் புதிதன்று. 1901ஆம் ஆண்டில் கிள்ளானில் மலேரியாக் காய்ச்சல் மிகுந்திருந்தபோது, அரசாங்க மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியச் செய்து நோயைத் தணித்தார். நகரத்து நிலத்தில் அரசாங்கமே கால்வாய் வெட்டியது. தோட்டத்து நிலமோ கம்பெனிகளுக்குச் சொந்தம். அங்கே அதே பணி நடைபெறக் கம்பெனிகளின் இசைவும் பணமும் வேண்டியிருந்தன. அரசாங்கத்தின் அறிவும் முதலாளியின் செலவும் ஒன்றுசேர்ந்த இடத்தில்தான் காய்ச்சல் தணிந்தது.

கோவிட்-19 நோய் பரவி, 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின், மலேசிய அரசாங்கம் தனியார் துறையை மூன்று வழிகளில் ஈடுபடுத்தியது.

விலை கொடுத்துப் பெறுதல்

முதல் வழி, தேவையானதை விலைக்குப் பெறுவது. 2020 நவம்பரில் பைசர் நிறுவனத்துடன் 1 கோடியே 28 லட்சம் தடுப்பூசிகளுக்கு ஒப்பந்தம் செய்யப்பட்டது. சீனாவின் சினோவேக் தடுப்பு மருந்து மொத்தமாகத் தருவிக்கப்பட்டு, பார்மனியாகா நிறுவனத்தின் பூச்சோங் ஆலையில் குப்பிகளில் நிரப்பப்பட்டது. 2021 பிப்ரவரி 24ஆம் தேதி ஊசி போடும் பணி தொடங்கியது. பின்னர்த் தனியார் கிளினிக்குகளும் அதில் சேர்க்கப்பட்டன. ஊசி போட்ட மருத்துவருக்கு அரசாங்கமே கட்டணம் செலுத்தியது. ஊசி போட்டுக்கொண்டவர் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. குடிமக்கள் அல்லாதாருக்கும் அது இலவசமே. 2021 அக்டோபர் 10ஆம் தேதிக்குள் வயது வந்தோரில் 90 விழுக்காட்டினர் முழுமையாகத் தடுப்பூசி பெற்றுவிட்டனர். அரசாங்க மருத்துவமனைகள் மட்டும் தனித்து நின்றிருந்தால் இவ்வளவு விரைவு எளிதன்று.

செலவைப் பகிர்ந்துகொள்ளுதல்

இரண்டாம் வழி, பாரத்தை இருவரும் சுமப்பது. 2021 ஜூன் மாதத்தில் பிக்காஸ் என்னும் திட்டம் தொழிற்சாலைகளில் தொடங்கப்பட்டது. தடுப்பு மருந்தை அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. அதனைப் போடும் செலவை முதலாளி ஏற்றார். அதற்கு முன்பே, 2020 ஏப்ரலில், சம்பள உதவித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 4,000 வெள்ளிக்கு மேற்படாத சம்பளம் பெறுவோருக்காக அரசாங்கம் முதலாளியிடம் பணம் கொடுத்தது. அப்பணத்தைப் பெற்றவர் ஆட்களை வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்பது நிபந்தனை. நிபந்தனை இல்லாமல் கொடுத்த பணம் கரையில்லாக் கால்வாயில் விட்ட நீரைப் போன்றது. போய்ச்சேர வேண்டிய இடத்திற்குப் போகாது.

சட்டத்தால் கட்டளையிடுதல்

மூன்றாம் வழி கட்டளை. 2021 ஜனவரியில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டபோது, தனியாரின் கட்டடத்தையும் சாதனங்களையும் இழப்பீடு கொடுத்து எடுத்துக்கொள்ளும் அதிகாரம் அரசாங்கத்திற்குக் கிடைத்தது. அவ்வாண்டில் தனியார் மருத்துவமனைகள் அரசாங்க மருத்துவமனைகளின் நோயாளிகளையும் ஏற்றுச் சிகிச்சை அளித்தன.

தோழர்களே, இவ்விடத்தில் ஒரு செய்தியை நன்கு மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். உலகில் பயன்படும் ரப்பர்க் கையுறைகளில் பாதிக்கு மேற்பட்டவை அக்காலத்தில் மலேசியாவிலிருந்தே சென்றன. தேவை பெருகியது, ஆலைகள் ஓய்வின்றி ஓடின, ஆதாயமும் குவிந்தது. ஆனால், அங்கு உழைத்தவர்களில் பலர் நெரிசலான விடுதிகளில் உறங்கினர். 2020 நவம்பரில் கிள்ளான் வட்டாரத்தில் அவர்களிடையே நோய் பெருமளவில் பரவியது. ஒரு பெரிய கையுறை நிறுவனத்தின் 28 ஆலைகளைக் கட்டங்கட்டமாக மூடும்படி அரசாங்கம் பணித்தது. உலகத்துத் தாதியர் கைகளைக் காத்த பொருளைச் செய்தவர்களுக்கே பாதுகாப்புக் குறைவாயிருந்தது.

தொழிலாளர் வீட்டு வசதிக்கு வகைசெய்யும் 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம், தொடக்கத்தில் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் மட்டுமே உரியதாயிருந்தது. திருத்தப்பட்ட பின், 2020 ஜூன் 1ஆம் தேதி முதல் அது மற்றத் தொழில்களையும் தழுவியது. சட்டம் இருந்தும், அதை நிறைவேற்றும் கண்காணிப்பு நோயை முந்திச் செல்லவில்லை. 2021 பிப்ரவரியில், தகுதியற்ற விடுதியிலிருந்து தொழிலாளரை வேறிடத்திற்கு மாற்றும்படி முதலாளிக்கு உத்தரவிடும் அதிகாரமும் தொழிலாளர் இலாகாவுக்கு அவசரச் சட்டத்தால் அளிக்கப்பட்டது. நோய் வருமுன் வீட்டைச் சீராக்கியிருந்தால் ஆலைகளை மூட நேர்ந்திராது, கூலியும் நின்றிராது.

நாம் கேட்க வேண்டியவை

மூன்று வழிகளும் தேவையானவையே. எந்த வழியாயினும் மூன்று வினாக்களுக்குத் தெளிவான விடை வேண்டும். வேலையைச் செய்பவர் யார்? செலவை ஏற்பவர் யார்? செய்ததைச் சோதித்துப் பார்ப்பவர் யார்? இரண்டாம் வினாவுக்கு விடை இல்லையெனில் செலவு தொழிலாளியின் சம்பளத்தில் விழும். மூன்றாம் வினாவுக்கு விடை இல்லையெனில் அவன் உடலில் விழும்.

ஆகவே, நாளை மற்றொரு நோய் வருமாயின், பரிசோதனைக்கோ ஊசிக்கோ உங்கள் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்படுமாயின், அதற்கு ஆதாரமான உத்தரவு எது என்று நிர்வாகத்திடம் பணிவோடும் துணிவோடும் கேளுங்கள். லயத்தில் நெரிசல் மிகுந்தாலும், குடிநீர் கெட்டாலும் நோய் வரும்வரை காத்திராமல் தொழிற்சங்கத்திடமும் தொழிலாளர் இலாகாவிடமும் இன்றே முறையிடுங்கள். அரசாங்கத்தின் கண் எல்லா லயங்களையும் நாள்தோறும் பார்ப்பதற்கில்லை. அங்கே வாழும் நீங்களே அதன் கண்ணாக இருக்க வேண்டும்.