வார்டு மெம்பருக்குப் போட்டி வேண்டும்



சட்டமன்றத் தேர்தலுக்கு ஊர் திரும்பாத பிள்ளைகள்கூட ஊராட்சித் தேர்தல் என்றால் திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பஸ் ஏறி வந்துவிடுவார்கள். பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமத்தார் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். தலைவருக்கு நிற்பவர் சித்தப்பாவாக இருப்பார். எதிர்த்து நிற்பவர் தாய்மாமனாக இருப்பார். வராமல் இருந்தால் அடுத்த பொங்கலுக்கு எந்த முகத்தோடு ஊருக்குள் நுழைவது?

பெரம்பலூர் மாவட்டத்தில் 4 ஒன்றியங்கள், 121 கிராம ஊராட்சிகள். அரியலூரில் 6 ஒன்றியங்கள், 201 ஊராட்சிகள். 2019 டிசம்பர் 27, 30 ஆகிய இரண்டு நாட்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மின்னணு இயந்திரம் இல்லை, வாக்குச்சீட்டுதான். ஒவ்வொருவர் கையிலும் நான்கு சீட்டு. தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள், வார்டு மெம்பருக்குப் பெரும்பாலும் வெள்ளை. அந்த வெள்ளைச் சீட்டைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

அந்தத் தேர்தல் தமிழ்நாட்டின் 27 மாவட்டங்களில் நடந்தது. கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர் இடங்கள் 76,746. அவற்றில் 18,137 இடங்களில் போட்டியே இல்லை. ஏறக்குறைய நான்கில் ஒரு வார்டில் வெள்ளைச் சீட்டுக்கு வேலையே இல்லாமல் போனது. தலைவர் பதவியோ 9,624. போட்டியின்றி வந்தவர்கள் 410 பேர்தான். தலைவர் நாற்காலிக்கு ஊரே மல்லுக்கட்டுகிறது. வார்டுக்கு மட்டும், “யாராவது ஒருத்தர் எழுதிக் கொடுத்துட்டு வாங்கப்பா” என்று விட்டுவிடுகிறது. இதை ஒற்றுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அக்கறை இல்லாமை என்றுதான் சொல்வேன்.

வார்டு மெம்பரிடம் என்ன இருக்கிறது? துணைத்தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. அவர் வார்டு உறுப்பினர்களுக்குள் நடக்கும் மறைமுகத் தேர்தலில் வருகிறார். ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து ஒப்பமிட வேண்டும். அதாவது ஊர்ப்பணத்தின் இரண்டாவது சாவியை யாரிடம் கொடுப்பது என்பதை ஏழெட்டுப் பேர் ஓர் அறைக்குள் முடிவு செய்கிறார்கள். அந்த ஏழெட்டுப் பேரை நாம் கேள்வி கேட்காமல் அனுப்பி வைக்கிறோம். அரியலூர் பக்கம் சிமெண்ட் ஆலை இருக்கும் ஊர்களை நினைத்துப் பாருங்கள். ஆலைக் கட்டடத்துக்கான வரி ஊராட்சிக்கு வருகிறது. லாரி ஓடி ஓடிக் குழி விழுந்த சாலை, புழுதி படிந்த வீடு, வறண்ட கிணறு, எல்லாம் அந்த ஊர் மன்றத்தின் மேசைக்குத்தான் முதலில் வர வேண்டும். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் எதற்கும் தலையாட்டுபவர்களாக இருந்தால் மனு எங்கே போகும்?

சரி, ஏன் நிற்கத் தயங்குகிறார்கள்? பயம்தான். அரசாங்கத்தைக் கண்டு வரும் பயம் இல்லை, முகதாட்சண்யம். ஒரு வார்டில் சில நூறு வாக்குகள். எண்ணி முடித்ததும் எந்தத் தெரு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று டீக்கடையில் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். சட்டப்படி ரகசிய வாக்குதான். ஆனால் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வராதபோது, ரகசியம் வெளியே போய்விட்டது என்று புரிந்துவிடும்.

சில நேரம் விலை அதைவிடப் பெரிது. 2019 ஏப்ரல் 18, பாராளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு நாள். அரியலூர் மாவட்டம் செந்துறை ஒன்றியத்தில் உள்ள பொன்பரப்பியில் தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. எட்டு மாதம் கழித்து அதே மாவட்டத்தில் ஊராட்சித் தேர்தல் வந்தது. அப்படிப்பட்ட ஒரு தெருவிலிருந்து ஒருவர் வேட்புமனு தாக்கல் செய்யப் போகிறார் என்றால், அவர் மனதில் என்னவெல்லாம் ஓடியிருக்கும்? ‘எங்க ஊர்ல போட்டியே கிடையாது, எல்லாம் பேசி முடிச்சுட்டோம்’ என்று யாராவது பெருமையாகச் சொன்னால், பேசிய இடத்தில் யார் யாரெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. அந்தத் தெருக்காரர் இருந்தாரா? ஒரு பெண்ணாவது இருந்தாரா?

பேசி முடிப்பதன் கடைசி எல்லை எது என்று தமிழ்நாடு பார்த்துவிட்டது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு என்று 1996-இல் ஒதுக்கப்பட்டதும், இந்த நான்கு ஊராட்சிகளிலும் பத்தாண்டு காலம் ஒன்று தேர்தல் நடக்கவில்லை, அல்லது வென்றவர் உடனே பதவி விலகினார். 2006-இல்தான் தேர்தல் முறையாக நடந்து தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள். இதேபோல் ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியில் கதை இன்னும் கொடியது. தேர்தலில் வென்ற தலைவர் முருகேசனை 1997 ஜூன் 30-ஆம் தேதி வெட்டிக் கொன்றார்கள். அவரோடு இன்னும் ஐந்து பேர் இறந்தார்கள். வேட்புமனு என்ற ஒற்றைத் தாளுக்காக உயிர் கொடுத்தவர்கள் உள்ள மாநிலம் இது. அந்தத் தாளை நிரப்ப இரண்டாவது ஆளில்லாமல் வார்டுகளை விடுவது எனக்குத் தாங்கவில்லை.

ஏலம் பற்றியும் சொல்ல வேண்டும். கோயில் திருப்பணிக்கு இவ்வளவு தருகிறேன் என்பவருக்குத் தலைவர் பதவி என்று ஊர்க்கூட்டத்தில் முடித்துவிடும் பழக்கம். 2019-இல் பல மாவட்டங்களிலிருந்து இந்தச் செய்தி வந்தது. மாநிலத் தேர்தல் ஆணையமும் எச்சரித்தது. கோபுரத்துக்கு வண்ணம் பூசியாகிவிடும். கொடுத்தவர் போட்ட பணத்தை எங்கிருந்து எடுப்பார்? குடிநீர்க் குழாயிலிருந்துதான்.

இன்னொன்று. மன்றமே இல்லாத காலம் நமக்குப் பழகிக்கொண்டு வருகிறது. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் 2020 ஜனவரி 6-இல் புதியவர்கள் பதவியேற்கும் வரை மூன்று ஆண்டுக்கும் மேல் தனி அலுவலர்கள்தான் பொறுப்பு. அந்த மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. அதற்குள் அடுத்த தேர்தலை முடித்திருக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்புச் சட்டம். முடிக்கவில்லை, மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். அலுவலர் நல்லவராகவே இருக்கட்டும். தெருவிளக்கு எரியவில்லை என்று இரவு எட்டு மணிக்கு அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார முடியுமா? வார்டு மெம்பர் வீட்டில் உட்காரலாம். அவர் கதவைச் சாத்தினால் ஊரே பார்க்கும்.

ஊராட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016-இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. மகளிர் குழுவில் வரவு செலவு எழுதிப் பழகிய பெண்கள் இந்த இரு மாவட்டங்களிலும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கணவருக்குப் பதிலாகப் பெயர் கொடுக்க வேண்டாம், தாயே. உங்களுக்காகவே நில்லுங்கள். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று முன்கூட்டியே போய்ப் பார்த்துவிடுங்கள். வார்டு மெம்பருக்கான வைப்புத்தொகை 2019-இல் 200 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 100 ரூபாய். கட்சிச் சின்னமும் தேவையில்லை.