பற்சொத்தையும் பெற்றோர் கடமையும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யாம் மருத்துவரல்லேம், தமிழாசிரியரே. ஆயினும் பற்சொத்தையைக் குறித்துப் பேச முன்வந்தமைக்கு எமது இல்லத்தில் நேர்ந்த பிழையொன்றே காரணமாம். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

ஈற்றின்மேல் விளங்கும் பல்லின் பகுதிக்கு முடி என்று பெயர். அதனைப் போர்த்திருப்பது எனாமல். நமது உடம்பில் இதனினும் கடினமான பொருள் வேறில்லை. எடையில் நூற்றுக்கு 96 பங்கு தாதுப்பொருளேயாம். அதனுள்ளே டென்டைன், அதற்கும் உள்ளே நரம்பும் குருதிநாளமும் பொருந்திய பற்கூழ்.

பல்லைப் புழு அரிக்கின்றது என்பது பல நாட்டாரும் பண்டுதொட்டுக் கொண்டிருந்த எண்ணம். பிரான்சு தேசத்துப் பியேர் ஃபோஷார் 1728-இல் வெளியிட்ட நூலில் அதனை மறுத்தார். பெர்லின் நகரில் ஆராய்ச்சி புரிந்த மில்லர் என்னும் அமெரிக்கர், வாயிலுள்ள நுண்ணுயிர்கள் மாவையும் சர்க்கரையையும் புளிக்கச் செய்து அமிலமாக்குகின்றன என்றும், அவ்வமிலமே பல்லைக் கரைக்கின்றது என்றும் 1890-இல் விளக்கினார்.

சொத்தை ஒரே நாளில் தோன்றுவதன்று. முதற்கண் முடியின்மீது சுண்ணாம்பு போன்ற வெண்புள்ளி காணும். அந்நிலையில் துப்புரவும், ஃப்ளூரைடு கலந்த பற்பசையும், இனிப்பைக் குறைத்தலும் நோயைத் தடுத்து நிறுத்தவல்லன. உமிழ்நீரிலுள்ள தாதுக்கள் மீளவும் பல்லிற் படியும். அதனைக் கடந்தாலோ குழி விழும். எனாமலில் உயிரணுக்கள் இல்லையாதலின், விழுந்த குழியைத் தானே நிரப்பிக்கொள்ள மாட்டாது. டென்டைன் மென்மையுடையதாகலின் சொத்தை அங்கே அகலப் பரவும். வெளியே சிறு துளை, உள்ளே பெருங்குடைவு. செல்லரித்த கதவுபோல் நின்ற முடி, ஒருநாள் முறுக்கைக் கடிக்கும்பொழுது இடிந்து வீழும். பெருநோவு பெரும்பாலும் பற்கூழை அணுகிய பின்னரே உண்டாகும். ஆகவே, நோவு வரட்டும் பார்ப்போம் என்றிருத்தல் அறியாமையேயாம்.

இனி எமது பிழை. ஏறத்தாழ 6 வயதில், பாற்பற்களுக்குப் பின்னே, எப்பல்லும் விழாமலே ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அதனையும் பாற்பல்லென்றே பலர் எண்ணிவிடுகின்றனர். எம் மகளுக்கு அப்பல்லிற் கரும்புள்ளி கண்டபோது, 'விழப்போகிற பல்தானே' என்று வாளாவிருந்தோம். அதுவோ நிலைப்பல்! ஒன்பதாம் வயதில் முடி முழுதும் சிதைந்து, பிடுங்க வேண்டியதாயிற்று. மாணாக்கரின் எழுத்துப்பிழையைத் திருத்தும் எமக்கு இப்பிழையைத் திருத்த வழியில்லை.

பாற்பல்லாயினும் அசட்டை தகாது. அதுவும் சீழ்கட்டிக் குழந்தையை வருத்தும்.

ஆதலின் அன்பர்காள்! இன்றிரவே குழந்தைகளை விளக்கருகில் வாய் திறக்கச் செய்து கடைசிப் பல்லைப் பாருங்கள். புள்ளி கண்டால் நோவுக்குக் காத்திராது பல்மருத்துவரிடம் செல்லுங்கள். இரவிற் பல் துலக்காமல் உறங்கவிடாதீர்கள். எமது இல்லத்தில் நேர்ந்தது நும் இல்லங்களில் நேராதிருப்பதாக.