தாதியின் கேள்வியும் நம் தலையாட்டலும்



மருத்துவமனைக்குப் போனால் டாக்டரை நாம் பார்ப்பது சில நிமிடங்கள்தான். மற்ற நேரமெல்லாம் நம்மோடு பேசுகிறவர் தாதி. நம் பெரியவர்கள் 'மிஸ்ஸி' என்பார்களே, அவர்தான். அவர் எப்படிப் பேசுகிறார், நாம் எப்படிப் பதில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து நோய் தணியவும் செய்யும், முற்றவும் செய்யும்.

ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். சர்க்கரைப் பரிசோதனைக்கு நாள் குறிக்கும்போது, "புவாசா இருந்து வாருங்கள்" என்கிறார் தாதி. நம் வீட்டுப் பாட்டிக்கு அந்த அளவு மலாய் தெரியும். புவாசா என்றால் விரதம். விரதம் என்றால் கவிச்சி கூடாது, அவ்வளவுதானே! விடியற்காலையில் குளித்து, பால் விட்ட கோப்பி ஒன்று குடித்து, சுங்கை சிப்புட்டில் பஸ் ஏறி ஈப்போவுக்கு வந்துவிடுகிறார். இரத்தத்தில் சர்க்கரை ஏறி நிற்கிறது. தாதிக்குக் கோபம், பாட்டிக்கு மனவருத்தம். அந்தக் கணக்கை நம்பி மருந்தின் அளவைக் கூட்டிவிட்டால், பிறகு ஒரு நாள் சர்க்கரை மிகவும் இறங்கி அவர் மயங்கி விழவும் கூடும்.

இது எங்கோ ஒரு வீட்டுக் கதையல்ல. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி, மலேசியாவில் 18 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு.

"பஹாம்?" என்று தாதி கேட்கிறார். நாம் தலையாட்டுகிறோம். புரிந்ததால் ஆட்டினோமா? பெரட்டில் நின்று, கிராணிக்கும் தண்டலுக்கும் தலையாட்டிப் பழகிய கழுத்து அது. தோட்டத்து டிரெசர் கொடுத்த தண்ணி மருந்தை ஏன், எதற்கு என்று யார் கேட்டோம்? பேராக்கில் பால் மரங்கள் பெரும்பாலும் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்தை விட்டு வந்தவர்களும் அந்தத் தலையாட்டலை மட்டும் விடவில்லை.

ஆகவே, கைதேர்ந்த தாதி "புரிந்ததா?" என்று கேட்டு நிறுத்துவதில்லை. "வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சாப்பிடுவீர்கள்? சொல்லுங்கள் பார்க்கலாம்" என்பார். நாம் திருப்பிச் சொல்லும்போதுதான் எங்கே கோளாறு என்பது வெளியே வரும். தாதியர் பயிற்சியில் இன்று உலகெங்கும் கற்றுக்கொடுக்கப்படும் முறை இது. வரிசையில் ஐம்பது பேர் காத்திருக்கும்போது அவருக்கு அதற்கு நேரமிருக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பாட்டி மறுபடியும் இரத்தம் கொடுக்க வந்தால் அதற்கும் நேரம் வேண்டுமே!

குரலும் கவனிக்க வேண்டியது. மலாய் சரியாக வராத முதியவரிடம் சிலர் உரக்கக் கத்துவார்கள், அவருக்குக் காது கேளாதது போல! அதற்கு நேர்மாறாகக் கட்டிலருகே குசுகுசுவென்று பேசுவதும் தவறு. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் வெளியிட்ட தாதிமைக் குறிப்புகளிலேயே இதைக் கண்டித்திருக்கிறார். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நோயாளி காதைத் தீட்டிக்கொண்டு களைத்துப் போவாராம்.

நம் பக்கத்திலும் குறை உண்டு. "உடம்பு சூடு" என்று நாம் சொல்வது நீர்க்கடுப்பை. அதைப் பிள்ளைகள் 'பானாஸ்' என்று மலாயில் சொன்னால், தாதி காய்ச்சல் பார்க்கும் கருவியைத்தான் எடுப்பார். இதைவிட ஆபத்தானது, நெஞ்சை அழுத்தும் வலியை "வாயு" என்று சொல்லிவிடுவது. எங்கே வலிக்கிறது, இடது கைக்கு ஓடுகிறதா, வியர்த்ததா என்று பொறுமையாகக் கேட்கும் தாதியால் அது மாரடைப்பு என்று நேரத்தில் தெரிந்து உயிர் பிழைக்கலாம். அப்போது கூட வந்த மகனோ மருமகளோ முந்திக்கொண்டு பதில் சொல்லக் கூடாது. வலி யாருக்கோ அவர் பேசட்டும். நாம் மொழிபெயர்த்தால் போதும்.

அந்தப் பாட்டியிடம் தாதி இப்படிச் சொல்லியிருக்கலாம்: "பாட்டி, ராத்திரி பத்து மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர் மட்டும் குடிங்க. கோப்பி, தேத்தண்ணி, பால் எதுவும் வேண்டாம். இரத்தம் எடுத்த பிறகு பசியாறலாம். எங்கே, நீங்க ஒரு தடவை சொல்லுங்க."

பாட்டியும் அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு, கட்டாயம் ஒன்று கேட்பார்: "வெத்தலை போடலாமா?"

"அதுவும் வேண்டாம், பாட்டி."