பெட்டி கட்டுமுன் எடை போடுவோம்



ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் பெரியவர்கள். ஆற்றில் போடுவதற்கே அளவு வேண்டுமென்றால், ஆகாயத்தில் பறக்கும் விமானத்தில் ஏற்றுவதற்கு அளவு வேண்டாமா? வெளிநாட்டுப் பயணத்தில் கூடுதல் எடைக்கு வீண் பணம் கட்டாமல் தப்புவது எப்படி என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் ஜொகூர் மாநிலத்தில் எத்தனை வீடுகளில் பெட்டி கட்டுகிறார்கள்! மாசாயிலிருந்து ஒரு குடும்பம் திருச்சிக்குப் போகிறது. குளுவாங்கிலிருந்து ஒரு குடும்பம் சென்னைக்குப் போகிறது. சிகாமட்டிலிருந்து வயதான தம்பதியர் குலதெய்வக் கோயிலுக்குப் புறப்படுகிறார்கள். பல மாதங்கள் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் டிக்கெட் வாங்கியிருப்பார்கள். ஆனால் விமான நிலையத் தராசில் பெட்டியை வைத்ததும் முகம் வாடிவிடுகிறது. பளபளக்கும் தரையில் பெட்டியைத் திறந்து, பார்த்துப் பார்த்து அடுக்கிய சேலைகளையும் பலகாரங்களையும் பத்துப் பேர் பார்க்க வெளியே எடுக்கும் காட்சியை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அங்கே போவது பணம் மட்டுமா? பயணத்தின் மகிழ்ச்சியும் அல்லவா போய்விடுகிறது!

இந்தப் பழக்கம் நமக்கு எப்படி வந்தது என்று கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். நம் பாட்டன் பாட்டி காலத்துப் பயணம் கப்பல் பயணம். 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்ற கப்பலை அறியாத பழைய குடும்பம் நம்மிடையே குறைவு. அதன் பின்னர் ‘சிதம்பரம்’ என்ற கப்பல் ஓடியது. 1985ஆம் ஆண்டில் அதில் தீப்பிடித்ததோடு அந்தச் சேவையும் முடிந்துபோயிற்று. கப்பலில் தகரப் பெட்டி என்ன, மூட்டை என்ன, பாத்திரம் பண்டம் என்ன, எல்லாவற்றையும் ஏற்றினார்கள். ஊருக்குப் போகிறவர் கை நிறையக் கொண்டு போக வேண்டும், வரும்போதும் கை நிறையக் கொண்டு வர வேண்டும் என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது. கப்பல் போய் விமானம் வந்துவிட்டது. எண்ணம் மட்டும் இன்னும் கப்பலிலேயே இருக்கிறது!

விமானத்தில் ஏன் இத்தனை கண்டிப்பு? ஒரு விமானம் தரையை விட்டு எழும்பும்போது இவ்வளவு எடைதான் இருக்கலாம் என்று ஓர் எல்லை உண்டு. விமானம், எரிபொருள், பயணிகள், பெட்டிகள், சரக்கு எல்லாம் அந்த எல்லைக்குள் அடங்க வேண்டும். முன்பக்கமும் பின்பக்கமும் எடை சமநிலையில் இருக்கிறதா என்று ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் கணக்குப் போடுகிறார்கள். எடை கூடக் கூட எரிபொருளும் கூடுதலாகச் செலவாகிறது. முன்னெல்லாம் டிக்கெட் விலைக்குள்ளேயே 20 கிலோ சேர்ந்திருப்பது வழக்கம். 2008ஆம் ஆண்டில் எரிபொருள் விலை கடுமையாக ஏறியபோது, அமெரிக்க விமான நிறுவனங்கள் பல, பெட்டிக்குத் தனிக் கட்டணம் வாங்கத் தொடங்கின. மலிவுக் கட்டண நிறுவனங்கள் இம்முறையை உலகெங்கும் பரப்பிவிட்டன. ஆகவே இப்போது நாம் வாங்கும் மலிவான டிக்கெட் பெரும்பாலும் ஆளுக்கு மட்டுந்தான். பெட்டிக்கு வேறு டிக்கெட் என்றே நினைத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவதாக, டிக்கெட்டைப் படித்துப் பார்க்க வேண்டும். பலர் தேதியையும் நேரத்தையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். எடை பற்றிய குறிப்பு அதிலேயே இருக்கிறது. ‘20 கே’ என்று இருந்தால் 20 கிலோ என்று பொருள். ‘2 பி.சி.’ என்று இருந்தால் இரண்டு பெட்டிகள் என்று பொருள். பெட்டிக் கணக்கில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி எல்லை உண்டு. ஒன்றில் மூன்று கிலோ குறைவு, மற்றொன்றில் மூன்று கிலோ அதிகம் என்றால் சரிக்கட்ட முடியாது. அதிகமான பெட்டிக்குக் கட்டணம் கேட்பார்கள். முகவர் வழியாக டிக்கெட் வாங்குகிறவர்கள் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். பெட்டிக்கு எத்தனை கிலோ? எத்தனை பெட்டி? கைப்பைக்கு எத்தனை கிலோ? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

இரண்டாவதாக, தேவைப்படும் எடையை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். இணையம் வழி முன்னதாக வாங்கும் கிலோவுக்கு ஒரு விலை; முகப்பில் கடைசி நேரத்தில் கட்டும் கிலோவுக்கு வேறு விலை. பின்னது பெரும்பாலும் பல மடங்கு அதிகம். முகப்பில் கிலோவுக்கு 50 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆறு கிலோ கூடினால் 300 வெள்ளி! அந்த ஆறு கிலோவில் என்ன இருந்தது? மைலோ இரண்டு பொட்டலம், பிஸ்கட் டின் ஒன்று, சோப்பு ஒரு டஜன். எல்லாம் சேர்த்தால் அதன் விலை 300 வெள்ளி வருமா? வராது. பொருளின் விலை ஒன்று, அதைச் சுமக்கும் விலை ஒன்று. இரண்டையும் கூட்டிப் பார்க்காமல் எதையும் பெட்டியில் வைக்கலாகாது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. போகும்போது தேவைப்படும் எடை வேறு, திரும்பும்போது தேவைப்படும் எடை வேறு. போக 20 கிலோ போதுமென்றால், திரும்பி வர 30 கிலோ வாங்கி வைக்கலாம். கல்யாணச் சேலை எடுக்கப் போகிறவர்களும், குத்துவிளக்கு வாங்க எண்ணுகிறவர்களும் இதைப் புறப்படுமுன்பே தீர்மானித்துவிட வேண்டும். குடும்பமாக ஒரே பதிவில் போகிறவர்களின் எடையைச் சேர்த்துக் கணக்கிடப் பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. உங்கள் நிறுவனம் அனுமதிக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் எவ்வளவு பணம் கட்டினாலும் ஒரு தனிப் பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான விதி. அந்தப் பெட்டியைக் குனிந்து தூக்கி விமானத்தில் ஏற்றுகிறவரும் ஒரு மனிதர்தானே! அவர் ஸ்கூடாயிலோ கூலாயிலோ இருக்கும் நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். அவருடைய முதுகைக் காக்க வந்த விதி அது.

மூன்றாவதாக, வீட்டிலேயே எடை போட வேண்டும். கொக்கியில் மாட்டித் தூக்கும் சிறு தராசு அதிக விலை இல்லை. அதுவும் இல்லையென்றால், ஆள் எடை பார்க்கும் கருவியில் முதலில் வெறுங்கையோடு நின்று பாருங்கள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நில்லுங்கள். 60 கிலோ 79 ஆனால் பெட்டி 19 கிலோ. வீட்டுத் தராசு கொஞ்சம் முன்பின் காட்டக்கூடும். ஆகவே எல்லைக்கு ஒரு கிலோ குறைவாகவே கட்டுவது புத்திசாலித்தனம். வெறும் பெட்டியின் எடையையும் பார்க்க மறக்காதீர்கள். கெட்டியான பெரிய பெட்டி சில, காலியாக இருக்கும்போதே ஐந்து கிலோ இருக்கும். 20 கிலோவில் கால் பங்கைப் பெட்டியே தின்றுவிட்டால் சாமானுக்கு என்ன மிஞ்சும்?

கைப்பை விஷயத்திலும் ஏமாந்துவிடக் கூடாது. பல நிறுவனங்களில் 7 கிலோ, சிலவற்றில் 10 கிலோ என்று எல்லை உண்டு. நீளம், அகலம், உயரத்துக்கும் கணக்கு உண்டு. கையில்தானே இருக்கிறது, யார் பார்க்கப் போகிறார்கள் என்று எண்ணுகிறவர்கள், விமானம் ஏறும் வாசலில் நிறுத்தி எடை போடும்போது விழிக்கிறார்கள். அங்கே கேட்கும் கட்டணந்தான் பெரும்பாலும் எல்லாவற்றிலும் அதிகம்.

எந்தப் பொருள் எந்தப் பையில் என்பதும் செலவோடு சேர்ந்த செய்திதான். 2006ஆம் ஆண்டுக்குப் பின், கைப்பையில் திரவப் பொருள் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட புட்டியில் இருக்கலாகாது என்ற விதி பல நாடுகளில் வந்தது. ஊறுகாய், நெய், தேங்காய் எண்ணெய், சம்பால் எல்லாம் இதில் அடங்கும். அம்மா கையால் போட்டுக் கொடுத்த ஊறுகாயைச் சோதனைக் கூடத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வருவது எவ்வளவு வருத்தம்! அதை நன்றாகக் கட்டிப் பெரிய பெட்டியில் வையுங்கள். கைத்தொலைபேசிக்கு மின்சாரம் ஏற்றும் ‘பவர் பேங்க்’ இதற்கு நேர்மாறு. அதைக் கைப்பையில் மட்டுமே கொண்டு போகலாம். பெரிய பெட்டியில் வைத்தால் திறக்கச் சொல்லி எடுத்துவிடுவார்கள். கொப்பரைத் தேங்காய் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் விமானத் துறையினர் அதை ஆபத்தான பொருள்களின் வரிசையில் சேர்த்திருக்கிறார்கள். பூசைக்கு வேண்டுமென்று எடுத்துப் போக நினைப்பவர்கள் போகும் ஊரிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

ஜொகூர்வாசிகளாகிய நமக்கு மூன்று வாசல்கள் இருக்கின்றன. ஒன்று நம் செனாய் விமான நிலையம், ஒன்று கோலாலம்பூர், ஒன்று பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூர்ச் சாங்கி. எது மலிவு என்று பார்க்கும்போது டிக்கெட் விலையை மட்டும் பார்த்தால் போதாது.

செனாயிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு டிக்கெட், அங்கிருந்து இந்தியாவுக்குத் தனியாக வேறொரு டிக்கெட் என்று வாங்கினால், இரண்டு டிக்கெட்டுகளிலும் எடை எல்லை வெவ்வேறாக இருக்கலாம். அப்போது எது சிறிய எல்லையோ அதற்குத்தான் பெட்டி கட்ட வேண்டும். பெட்டியைக் கோலாலம்பூரில் எடுத்து, மறுபடி பதிவு செய்யவும் வேண்டியிருக்கும். ஒரே டிக்கெட்டாக வாங்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இராது.

சாங்கி வழியாகப் போகிறவர்கள் பேருந்தில் சென்றால், ஜொகூர் பாருவில் ஒரு முறையும் உட்லண்ட்ஸில் ஒரு முறையும் இறங்கிப் பெட்டியோடு நடக்க வேண்டும். 30 கிலோவை ஒரே பெட்டியில் திணித்துக்கொண்டு வயதானவர்கள் என்ன பாடுபடுவார்கள்! விதி இடங்கொடுத்தால் 15 கிலோவாக இரண்டு பெட்டிகள் கட்டுவது நல்லது. சிங்கப்பூரின் சட்டங்களும் நினைவில் இருக்க வேண்டும். அங்கே மெல்லும் புகையிலைக்குத் தடை உண்டு. தாத்தாவின் வெற்றிலைப் பெட்டியில் புகையிலை இருந்தால் அதை வீட்டிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.

இனி, செலவைக் காட்டிலும் பெரிய ஒரு செய்தி. எடை கூடிப்போன யாராவது, “அண்ணே, உங்களிடம் இடம் இருக்கிறதே, இந்தப் பொட்டலத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்” என்று கேட்பார்கள். முகம் தெரியாதவராக இருந்தால் கண்டிப்பாக மறுத்துவிட வேண்டும். தெரிந்தவராக இருந்தாலும், பிரித்துப் பார்க்காமல் வாங்கலாகாது. நம் நாட்டின் அபாயகர மருந்துகள் சட்டம் 1952ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. போதைப் பொருள் கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனை என்பது 2023இல் நீக்கப்பட்டாலும், மரண தண்டனை விதிக்க நீதிபதிக்கு இன்னும் அதிகாரம் உண்டு. ‘என்னுடையது அல்ல’ என்பதை மெய்ப்பிக்க வேண்டிய பாரம் பெட்டிக்கு உரியவர் தலையில் விழுந்துவிடும். மூன்று கிலோ உபகாரத்துக்காக ஓர் உயிரைப் பணயம் வைப்பதா? இரக்கம் வேண்டும், அதற்கும் ஓர் அளவு வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையான காரணத்தையும் சொல்லிவிடுவோம். நம் பெட்டி கனப்பது பெரும்பாலும் நம் தேவையால் அன்று. ‘வெறுங்கையோடு போனால் சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள்?’ என்ற கூச்சமே அதில் பாதி எடை. இன்று தமிழ்நாட்டுக் கடைகளில் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் பஞ்சமில்லை. அத்தைக்கு ஒரு சேலையும் பிள்ளைகளுக்கு ஒரு சிறு அன்பளிப்பும் போதாதா? மற்றதை அந்த ஊர்க் கடையில் வாங்கிக் கொடுக்கலாமே. திரும்பி வரும்போது வாங்கும் பித்தளைச் சாமானையும் புத்தகக் கட்டையும் அஞ்சலிலோ சரக்கிலோ அனுப்ப முடியுமா, சுங்க வரி சேர்த்து எவ்வளவு ஆகும் என்று விசாரித்துப் பார்க்கலாம். விதை, செடி, இறைச்சி ஆகியவற்றை அனுமதியின்றி நம் நாட்டுக்குள் கொண்டுவர முடியாது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே பெட்டியைத் திறந்து வையுங்கள். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இது அங்கே கிடைக்காதா, இது இல்லாமல் முடியாதா என்று கேளுங்கள். வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால், பெரியவர்களின் டிக்கெட்டை வாங்கிப் படித்து, எத்தனை கிலோ என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிக் கொடுக்கட்டும். அந்தச் சிறு காகிதம் முகப்பில் முந்நூறு வெள்ளியை மிச்சப்படுத்தித் தரும். அந்த முந்நூறு வெள்ளியில் ஊரில் ஒரு நாள் எல்லாரையும் கூட்டி வைத்து விருந்தே போட்டுவிடலாம்.