இரத்தம் எடுக்கும்போது வாய் திறந்து பேசுவோம்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியத் துறைக்குச் சென்ற பழைய மாணவிகள் சார்பில் பேசும்படி கேட்டார்கள். பெரிய சிகிச்சைகளைப் பற்றிப் பேசலாம் என்றுதான் முதலில் எண்ணினோம். பின்னர், நம் எல்லோருக்கும் என்றோ ஒரு நாள் நேரும் சிறிய காரியத்தைப் பற்றிப் பேசுவதே பயன் என்று பட்டது. அதுதான் இரத்தம் எடுப்பது.

வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் இருப்பவர்களுக்குக் காய்ச்சல் கடுமையானால் நினைவுக்கு வருவது களுபோவில. கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலை என்ற பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை. 2017இல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டபோது, நம்மில் எத்தனை பேர் அங்கே பிள்ளைகளின் கட்டிலருகே இரவிரவாக விழித்திருந்தோம்!

டெங்கு நோயாளிக்கு ஒரு தடவை இரத்தம் எடுத்தால் போதாது. காய்ச்சல் விடும் வேளையில்தான் குருதியின் நீர்ப்பகுதி நாளங்களிலிருந்து கசியத் தொடங்கும். அப்போது செங்குழியங்களின் பங்கு உயரும். பிசிவி என்று நாங்கள் பார்ப்பது அதைத்தான். அதைச் சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ஆனால் நோய் கடுமையாகும்போது நரம்பு கிடைப்பதும் கடினமாகிவிடும்.

2009இலும் டெங்கு 346 உயிர்களைக் கொண்டுபோனது. அக்காலத்தில், வேறோர் ஊர் வைத்தியசாலையில், நாங்கள் இருவர் இரவுக் கடமையில் இருந்தோம். பதினான்கு வயதுப் பிள்ளை. மாலையில் பிசிவி 41. நள்ளிரவுக்குப் பின் நான்கு தடவை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. மூத்தவர்களை எழுப்ப வெட்கம். கடைசியில், சேலைன் ஏறிக்கொண்டிருந்த கையிலேயே எடுத்தோம்.

"டொக்டர், அந்தக் கையிலைதானே சேலைன் போகுது?" என்று தாய் கேட்டார். தமிழில்தான் கேட்டார். மொழி விளங்கவில்லை என்று சொல்ல எங்களுக்கு வழியில்லை. "பரவாயில்லை அம்மா" என்றோம்.

முடிவு 33 என்று வந்தது. கசிவு இல்லை என்று ஆறுதலடைந்தோம். பிள்ளையின் கால்கள் குளிர்ந்திருப்பதைத் தொட்டுப் பார்த்த தாதி ஒருவர்தான், "இந்த இலக்கம் பிள்ளையோடு ஒத்துவரவில்லை" என்றார். மறு கையில் எடுத்தபோது 49. சேலைன் கலந்த குருதி எங்களை ஏமாற்றியிருந்தது. பிள்ளை பிழைத்தாள். தாய் சொன்னதைக் கேட்டிருந்தால் அந்த ஒரு மணித்தியாலம் வீணாகியிராது.

கடினமாக எடுத்த குருதி வேறு வழிகளிலும் பொய் சொல்லும். கையைக் கட்டிய பட்டியை ஒரு நிமிடத்துக்கு மேல் வைத்திருந்தால் பிசிவி கூடுதலாகக் காட்டலாம். குழாயில் குருதி உறைந்தால் சிறுதட்டுக்கள் குறைவாகத் தெரியும்.

ஆகவே, இளம் வைத்தியர்களான தங்கைமாருக்கு: இரண்டு தடவை குத்தியும் கிடைக்காவிட்டால் நிறுத்துங்கள். கை தேர்ந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். அதில் மானக்கேடு எதுவுமில்லை. குழாயில் பெயரைக் கட்டிலருகிலேயே எழுதுங்கள்.

மற்றவர்களுக்கு: சேலைன் ஏறும் கை, டயலிசிஸுக்கு ஒழுங்கு செய்த கை, மார்பகச் சத்திரசிகிச்சையில் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்ட பக்கத்துக் கை, இவற்றை முன்னரே சொல்லுங்கள். குருதி உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், இரத்தம் எடுக்கும்போது மயக்கம் வருபவர்களும் அதைச் சொல்லுங்கள். எடுத்த பின் கையை மடக்காமல், பஞ்சை வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

இன்னொன்று. நம் அம்மாமார், அம்மம்மாமார் வாட்டில் எந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் மரியாதைக்கு "ஓம்" என்றுவிடுவார்கள். சிங்களத்தில் கேட்டால் இன்னும் வேகமாகத் தலையாட்டுவார்கள். ஒரே பெயரில் இருவர் இருந்தால், ஒருவரின் குருதி மற்றவரின் பெயரில் போய்விடும். நோயாளியே தன் முழுப் பெயரையும் சொல்ல வேண்டும் என்பது 2010இல் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட வழிகாட்டியிலும் உள்ளது.

இந்தப் பள்ளியில் இடாப்புக் கூப்பிட்டபோது நம் பெயருக்கு மட்டுமே எழுந்து பதில் சொன்னோம். விளங்காததைக் கையுயர்த்திக் கேட்டோம். கட்டிலில் படுத்திருக்கும்போதும் அந்தப் பழக்கத்தை விடாதிருப்போம். அப்படி ஒருவர் கேட்கும்போது, ஊசியோடு நிற்கும் நாங்களும் நின்று செவிகொடுப்போம்.