கண்டிக் கல்லும் எரிமலைக் கல்லும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் பேசவந்தால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். நான் இன்று கல்லைப் பற்றிப் பேசப்போகிறேன்.

நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது புவியியல் டீச்சர் மேசைமேல் இரண்டு கற்களை வைத்து, "இதில் பசால்ட்டு எது?" என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு ஹந்தானைப் பக்கத்துக் கல்லைக் காட்டினேன். கறுப்பாக, பாரமாக இருந்தது. எனக்கு அது போதும். டீச்சர் ஏசவில்லை. கைவில்லையை நீட்டி, "பெயர் சொல்ல முதல் பாருங்கோ பிள்ளை" என்றார்.

பார்த்தேன். ஹந்தானைக் கல்லில் வெள்ளையும் கறுப்புமாக வரிகள். இடையிடையே மாதுளை முத்துப்போலச் சிவந்த கார்னெட். மும்பாயிலிருந்து வந்த மற்றக் கல் முழுவதும் கருஞ்சாம்பல் நிறம். வரி இல்லை, அங்கங்கே சிறு துளைகள். அதுதான் பசால்ட்டு.

சுமார் 1100 முதல் 1200 பாகை செல்சியஸ் சூட்டில் வெளிவரும் எரிமலைக் குழம்பு, காற்றிலோ கடல்நீரிலோ விரைவாக ஆறும்போது பளிங்குகள் வளர நேரம் கிடைப்பதில்லை. அதனால் அவை கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. துளைகள், வாயுக் குமிழிகள் இருந்த இடங்கள். இரும்பும் மக்னீசியமும் கூடுதலாக உள்ள கனிமங்கள் கறுப்பு நிறத்தைக் கொடுக்கின்றன. சுமார் 6 கோடி 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மேற்கு இந்தியாவில் இந்தக் குழம்பு படைபடையாகப் பரவியது. எல்லோராக் குகைகள் அந்தக் கல்லில் குடைந்தவை.

கண்டியின் கல் அதைவிட மிகப் பழையது. 50 கோடி ஆண்டுகளுக்கும் முன், பூமியின் ஆழத்தில் சூட்டாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறை. மேலே இருந்தவை அரிபட்டுப் போனபிறகே அது வெளியே தெரிந்தது.

2020 ஓகஸ்ட் 29 இரவு திகனப் பக்கம் நிலம் நடுங்கியது. சில நாட்களின் பின் அங்கிருந்து ஓர் அம்மா என்னிடம் வந்தார். இரத்த அழுத்தம் ஏறியிருந்தது, நித்திரை இல்லை. "டொக்டர், எங்கட வீட்டுக்குக் கீழ எரிமலை இருக்காம். உண்மையா?" என்றார்.

அன்று எனக்கு உதவியது அந்தப் புவியியல் பாடம். "இல்லை அம்மா. உங்கட ஊர்க் கல் எரிமலைக் கல் இல்லை. இங்கே எரிமலையும் இல்லை" என்று சொல்ல முடிந்தது. இனி நடுக்கம் வராது என்று மட்டும் நான் சொல்லவில்லை. எரிமலை இல்லாத இடத்திலும் நிலம் நடுங்கும். சுவர் வெடிப்புகளைக் காட்டி ஆலோசனை பெறச் சொன்னேன். மருந்தையும் ஒழுங்காகக் குடிக்கச் சொன்னேன். அந்த ஆண்டு முடியுமுன் மீண்டும் நடுங்கியது. பொய்யாக ஆறுதல் சொல்லியிருந்தால் அவர் என்னிடம் திரும்பி வந்திருக்கமாட்டார்.

மெல்பேர்ணில் இருக்கும் சகோதரிகளே, உங்கள் ஊர்ப் பழைய சந்துகளில் பதித்திருக்கும் 'புளூஸ்டோன்' பசால்ட்டுதான். அடுத்தமுறை வரும்போது, அனுமதியுடன் பெற்ற ஒரு துண்டை நம் பாடசாலைக்குக் கொண்டுவாருங்கள். ஹந்தானைக் கல்லை நான் கொடுக்கிறேன். பக்கத்தில் ஒரு கைவில்லையும் வைப்போம்.